ஊசிக்கு ஒளிந்தவர்கள்

எங்கள் வானொலி நிலையத்தில் என் வேலை பொய் பிடிப்பது. காலைச் செய்தி முடிந்ததும் எங்கள் தகாரே மொழியில் கொஞ்ச நேரம் பேசுவேன். நேற்று உங்கள் கைப்பேசிக்கு இப்படி ஒன்று வந்திருக்கும், அதை நம்ப வேண்டாம், ஏனென்றால் என்று ஆரம்பிப்பேன். அந்த ‘ஏனென்றால்’ வருவதற்குள் எங்கள் ஊரான லாவ்ராவில் பாதிப் பேர் அடுப்பைப் பார்க்கவோ ஆட்டை அவிழ்க்கவோ போய்விடுவார்கள். அதனால் மேலாளர் பொலிக்கார்ப் ஒரு வழி கண்டுபிடித்தார். வதந்தியை ஒரு படமாக்கி, அதன் மேல் சிவப்பில் ‘பொய்’ என்றோ பச்சையில் ‘உண்மை’ என்றோ பெரிதாக முத்திரை குத்தி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் நிறம் தெரியுமே என்பது அவர் கட்சி. மூன்றாவதாக ஒரு நிறம் வேண்டும், எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்காது என்று நான் சொன்னதற்கு, இது என்ன டிராஃபிக் லைட்டா என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த வருடம் புழுதிக்காற்று வீசும் மாதத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வந்தார்கள். ஒருவர் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊர்த் தலைவர் உத்தரவு போட்டுவிட்டார். ஊசி போட்ட வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பார்த்தால் எல்லா வீட்டுச் சுவரிலும் கோடு இருந்தது. சுண்ணக்கட்டி யார் கைக்கும் கிடைக்கும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஊசிக்காரர்கள் போன கையோடு ஒரு குரல் பதிவு சுற்ற ஆரம்பித்தது. ஆண் குரல், அவசர அவசரமாக: "ஊசி போட்டவங்க ரத்தமெல்லாம் திரிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில வாங்க மாட்டேங்குறாங்க, வாங்குனதையும் கொட்டுறாங்க." அவ்வளவுதான். குமாசியிலிருந்து ஒருத்தி அனுப்பினாள், அக்ராவிலிருந்து ஒருவர் அனுப்பினார், தேவாலயப் பாடகர் குழுவில் வந்தது, என் சித்தப்பா பாயுவோ எனக்கே இரண்டு முறை அனுப்பினார்.

ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஊசியால் இரத்தம் கெடாது என்றார் அங்கிருந்தவர். எத்தனையோ ஊசிகளுக்குக் காத்திருக்கவே தேவையில்லை. இதிலோ உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செலுத்துகிறார்கள், அதனால் முன்னெச்சரிக்கையாக நான்கு வாரம் கழித்துத்தான் இரத்தம் எடுப்போம், அதற்குப் பிறகு தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பொலிக்கார்ப் நான்கு வாரத்தை வெட்டிவிட்டார். ஊசி போட்டால் இரத்தம் கெடுமா, கெடாது, அப்போது பொய்தானே என்பது அவர் கேள்வி. சிவப்பு முத்திரை போனது. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றுதான் என் தங்கை ஸ்கொலாஸ்டிக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், எனக்கு அதற்குத் தெம்பில்லை.

அவளுக்கு எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் இரத்தம் கொட்டலாம், வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் இரத்தம் தயாராக இருந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது சும்மா வராது. நோயாளியின் ஆட்கள் மூன்று பேர் வந்து வங்கிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். யாருடைய வகை எதுவானாலும் சரி, வங்கி அதை வாங்கிக்கொண்டு அவளுக்குப் பொருந்துவதை எடுத்து வைக்கும். தகாரே பேசும் எங்கள் தகாபா ஜனத்தில் பிறந்தவளுக்கு மூன்று பேரா கிடைக்க மாட்டார்கள் என்று அலட்சியமாக இருந்தேன். ஒரு சாவு என்றால் லாரி பிடித்து வருகிற ஜனம் எங்களுடையது.

முதலில் போனவன் அவள் புருஷன் கோஸ்மாஸ். கொத்தனார், நல்ல திடகாத்திரம். தம்பிமார் இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டான். போன வாரம்தானே ஊசி போட்டீர்கள், நான்கு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வராந்தா நிறைய ஆட்கள். இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டாமல் வெளியே வருகிறவனைப் பார்த்தால் எங்கள் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். இவனுக்கு என்ன நோய், எந்தெந்தப் பெண்ணிடம் போய் வாங்கிக்கொண்டான் என்று யோசிக்கத் தொடங்கிவிடும். தம்பிமார் அந்தக் கதவுப் பக்கமே போகாமல் நழுவிவிட்டார்கள்.

சாயங்காலம் கோஸ்மாஸ் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான்.

"அக்கா, உங்க ரேடியோ பொய்யின்னு சிவப்புல போட்டதை நம்பித்தான் போனேன்" என்றான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நாலு வாரம் கழிச்சு வரச் சொல்றாங்க. அவ நாலு வாரம் தாங்குவாளா?"

அடுத்த நாளே என் சிவப்பு முத்திரைப் படத்தின் கீழே அவன் பெயரைப் போட்டு ஒரு செய்தி சுற்றியது. ரேடியோ பொய் என்றது, ஆஸ்பத்திரியோ கோஸ்மாஸைத் திருப்பி அனுப்பிவிட்டது, யாரை நம்புவது என்று. வதந்திக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, அதுவும் எங்கள் தயவில். பொலிக்கார்ப்பை அன்று நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நாங்கள் சொன்னது அரைகுறை, நான்கு வாரத்தை வெட்டிவிட்டோம் என்று ஒலிபரப்பில் சொன்னேன். கேட்டவர்கள், பார்த்தாயா, அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றார்கள்.

வீடு வீடாகப் போனேன். நான் கேமராவுக்கு முன்னால் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டவள், என் இரத்தம் இப்போது உதவாது. பெரியப்பா பிள்ளைகள், அத்தை பேரன்கள், அவர்கள் மனைவிமார், எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நாங்களும் போட்டுக்கொண்டோமே, நீதானே நான்கு வாரம் என்கிறாய் என்று சுவரில் இருந்த கோட்டைக் காட்டினார்கள். பாயுவோ சித்தப்பா நெஞ்சில் கை வைத்து, போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் முதல் ஆளாக நின்றிருப்பேன் என்றார். ஊசி வருவதற்கு முன்பிருந்தே அதைப் பற்றி ஊருக்கெல்லாம் பயம் காட்டிய மனிதர் தானாகப் போய்க் கையை நீட்டினாராம். நம்ப முடியவில்லை. ஆனால் அப்பாவின் தம்பியைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆத்திரத்தில் அந்தக் குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். முதல் சொல்லுக்கு முன்னால் ஒரு சிரிப்பின் வால் மட்டும் வெட்டுப்படாமல் நின்றிருந்தது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சந்தை முனையில் கைப்பேசி பழுதுபார்க்கிற அயாம்காவுடையது.

அயாம்கா ஃப்ராஃப்ரா இனத்தான். ஃப்ராஃப்ராக்களுக்கும் தகாபாக்களுக்கும் கேலி முறை. அவன் என்னை ‘என் அடிமையே’ என்று கூப்பிடுவான், ஃப்ராஃப்ராக்கள் நாய்க்கறிப் பிரியர்கள் என்பதால், அவன் கடைக்கு முன்னால் நாய்கூட நடக்கப் பயப்படுகிறது என்று நான் சொல்லுவேன். சாவு வீட்டில்கூட இந்தக் கேலி நிற்காது, நிற்கவும் கூடாது. கேலி முறைக்காரன் சொன்னதற்குக் கோபித்துக்கொள்கிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

கடைக்குப் போய்ப் பதிவைப் போட்டேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு தன் கைப்பேசியில் முழுப் பதிவையும் போட்டுக் காட்டினான். இரண்டு ஜனமும் ஒருவரை ஒருவர் வாருவதற்கென்றே வைத்திருக்கும் குரூப்பில் அவன் பேசியது அது. ‘என் அடிமைகளே’ என்று தொடங்கி, ஊசி போட்டவர்கள் இரத்தமெல்லாம் திரிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள், வாங்கியதையும் கொட்டுகிறார்கள், ஏனென்றால் தகாபா இரத்தம் பிட்டோவாகிவிட்டது, நாங்கள் சோளத்தில் காய்ச்சுகிற அந்தக் கள்ளை நர்சுகள் சுரைக்குடுவையில் ஊற்றிக் குடித்துவிட்டு வார்டில் ஆடுகிறார்கள் என்று நீளமாகப் போயிற்று. யாரோ நடுத்துண்டை மட்டும் வெட்டி வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முறை தெரியாதவர்கள் காதில் அது செய்தியாக விழுந்து, செய்தியாகவே எங்களிடம் திரும்பி வந்துவிட்டது.

"ஒரு ஃப்ராஃப்ரா தகாபாவைப் பத்திச் சொல்றதை எவனாச்சும் நம்புவானா?" என்றான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ஸ்கொலாஸ்டிக்காவைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். ஊசி போட்டுக்கொள்ளாதவன் இரத்தத்தை இப்போதே எடுப்பார்களா என்று கேட்டான். மற்றச் சோதனைகளில் தேறினால் எடுப்பார்கள் என்றேன்.

"அப்ப நான் ஒருத்தன் ஆச்சு. நான் போட்டுக்கல. ஊசின்னாலே எனக்கு ஆகாது. அவங்க வந்த அன்னைக்குப் பிட்டோக்காரி வீட்டுக் கொல்லையில ஒளிஞ்சுகிட்டேன்."

"தனியாவா?"

"தனியா எங்க? உக்கார இடமில்ல. எல்லாம் உங்க ஆளுங்கதான். உன் சித்தப்பாதான் எங்களுக்குத் தலைவர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆட்கள்தான் இந்த வாரம் என் தங்கையைக் காப்பாற்ற முடியும். அவர்களோ சுவரில் தாங்களே கோடு கிழித்துக்கொண்டு, ஊசி போட்டோம் என்று ஊர்த் தலைவருக்குக் கணக்குக் காட்டியவர்கள். நான் போய்க் கேட்டால் செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். நீ கேட்டால்தானே, என்னிடம் விடு என்றான் அயாம்கா.

மறுநாள் ஒரு பழைய உபதேசியாரின் சாவு. எங்கள் வழக்கப்படி பிணத்துக்குப் புது அங்கி போட்டு மேடையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். எதிரே சுரைக்குடுக்கை கட்டிய மரக்கட்டை வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருந்தன. அயாம்கா நாலைந்து ஃப்ராஃப்ராக்களோடு வந்து, ஒப்பாரி வைப்பதுபோல் கொஞ்சம் புரண்டு அழுதுவிட்டு, எழுந்துபோய் வாசிக்கிறவர் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டான். வாத்தியம் நின்றுவிட்டது. அது முறைக்காரர்களின் உரிமை. அவர்கள் கேட்டதைக் கொடுக்கிற வரைக்கும் சாவு நகராது. வழக்கமாக ஒரு கோழியோ ஒரு குடம் பிட்டோவோ கேட்பார்கள்.

அவன் அதைக் கேட்கவில்லை. அந்தக் குரல் தன்னுடையதுதான், அடிமைகளை வாருவதற்காகப் பேசியது, அதை நம்பிய ஒவ்வொரு மூடனும் தனக்கு ஒரு கோழி கடன்பட்டிருக்கிறான் என்றான். யாருடைய இரத்தமும் திரியவில்லை, ஊசி போட்டவர்கள் நான்கு வாரம் பொறுத்துக் கொடுக்கலாம், கோஸ்மாஸை அனுப்பியதும் அதற்காகத்தான், அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றான். வானொலியில் நான் சொன்ன அதே வார்த்தைகள். இங்கே மட்டும் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

"இப்ப ஊசிக்குப் பயந்து ஒளிஞ்சவன் எல்லாம் என் பக்கம் வாங்க. முதல் கோழை நான்தான். உங்க பொண்ணு ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடக்குறா. வராம இந்தக் குச்சியைத் தர மாட்டேன், உபதேசியார் இப்படியே உக்காந்திருக்கட்டும்."

ஒருவரும் அசையவில்லை. அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. வேலியில் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஓடியவனைப்போல் ஓடிக் காட்டினான். பெரிய பானைக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, இருமி இருமி எல்லோரையும் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிய ஓர் ஆளை நடித்துக் காட்டினான். அந்த இருமலை ஊரே அறியும். உபதேசியாரின் மனைவிகூட மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாயுவோ சித்தப்பா எழுந்தார். நாயைத் தின்று தின்று உனக்கு நாய் மூக்கே வந்துவிட்டது என்று திட்டிக்கொண்டே அவன் பக்கம் போய் நின்றார். அவர் போனதும் இரண்டு இளவட்டங்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். குச்சிகள் திரும்பக் கிடைத்தன.

அடுத்த நாள் காலை நான்கு பேரும் இரத்த வங்கி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சோதனைக்கு விரல் நுனியில் குத்திக் கொஞ்சம் இரத்தம் எடுத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். கோஸ்மாஸும் நானும் நின்றுகொண்டிருந்தோம். நான் ஒரு கேலி சொன்னேன், அயாம்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்கதவையே பார்த்தான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"என்னையும் திருப்பி அனுப்பிட்டா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வதந்தியை இவர்கள் முழுசாக நம்பவே இல்லை. சோதித்துப் பார்த்து என்ன சொல்வார்களோ என்கிற பயம் ஒவ்வொருவருக்கும் உள்ளே இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஊசியால் இரத்தம் திரிந்துவிட்டது என்று சொன்னால் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம். நான் அந்தக் கௌரவத்தைப் பொய் என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன், பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் மட்டும்தான் சொல்வார்கள் என்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான், ஆனால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

இளவட்டங்கள் இருவரும் தேறிவிட்டார்கள். அயாம்காவும் தேறினான். சித்தப்பாவைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நெடுநேரம் ஆயிற்று. உள்கதவு ஒரு நொடி திறந்தபோது, அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. ஈரல் அழற்சிக்காரர்களுக்கு மருந்து கொடுக்கிற நர்ஸ் உட்காரும் அறை அது. எங்கள் பக்கம் அந்த நோய் அதிகம். இருக்கிறது என்று தெரியாமலே பாதி ஆயுள் போய்விடும்.

அவர் வெளியே வந்தபோது வராந்தா நிறைந்திருந்தது. கையில் பஞ்சு இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அயாம்கா, இரத்தம் கொடுத்ததற்குத் தந்த பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அவரையே பார்த்தான். பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தான்.

"இந்தக் கிழவர் ரத்தத்தை எடுக்காதீங்கன்னு நான்தான் உள்ள சொல்லிட்டு வந்தேன். இவரு மாதிரி கஞ்சன் இந்த ஜில்லாவுலயே கிடையாது. இவரு ரத்தம் போனா பிள்ளை பொறக்கும்போதே கையை இறுக்கி மூடிகிட்டு வந்துடும்."

வராந்தா சிரித்தது. சித்தப்பா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"உன்னுதை ஏத்துனா அது குரைக்கும்டா" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்கவில்லை. அயாம்கா சொன்னது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன், அவன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் பொங்கியது.

ஸ்கொலாஸ்டிக்காவுக்கு அந்த வாரமே இரத்தம் கொட்டத் தொடங்கிவிட்டது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பை பையாக ஏற்றினார்கள். கோஸ்மாஸ் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான், நான் ஜெபம்கூட வராமல் நின்றேன். பெண் பிள்ளை. தாயும் பிழைத்துக்கொண்டாள். இரத்தம் தயாராக இல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். பிள்ளை பாதி ஃப்ராஃப்ரா என்று அயாம்கா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் இரத்த வகை ஸ்கொலாஸ்டிக்காவுக்குச் சேராது, அது வேறு யாருக்கோதான் போயிருக்கும். அதையும் நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவனைத் தடுப்பூசிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டு என் கையை நசுக்கிவிட்டான்.

வார்டில் பிள்ளையைப் பார்க்கச் சொந்தமெல்லாம் வந்துபோயிற்று. சித்தப்பா கடைசியாக வந்தார். வாசலருகே நின்றுகொண்டார், இரண்டு கைகளையும் பின்னால் கட்டியிருந்தார். ஸ்கொலாஸ்டிக்கா பிள்ளையை நீட்டினாள். சளி பிடித்திருக்கிறது, இன்னொரு நாள் ஆகட்டும் என்றார். அவள் முகம் வாடிவிட்டது. அயாம்கா வராந்தாவில் கிண்டல் செய்ததில் அவருக்குக் கோபம் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

எனக்குத் தெரியும். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவரிடம் போனேன். முந்தின நாளே இரத்த வங்கிக்குப் போய், யாருக்கென்று சொல்லாமல், பொதுவாக எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தேன்.

"நாளைக்கு ரேடியோல ஈரல் நோயைப் பத்திப் பேசப் போறேன், சித்தப்பா" என்றேன் தாழ்ந்த குரலில். "அது இருக்கிறவங்க பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். ஒரே சட்டியில கைவெச்சுச் சாப்பிடலாம். அதுலயெல்லாம் ஒட்டாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரியில கேட்டேன்."

"முழுசாக் கேட்டியா? நடுவுல எதையும் வெட்டலையே?"

"எதையும் வெட்டல, சித்தப்பா."

பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து முன்னால் நீட்டினார். பிள்ளையை அவர் கையில் வைத்தேன்.